பதினான்கு மாதக் கரையோர உலா

படிவங்களில் எந்தப் பெட்டியையும் வெறுமையாக விடக்கூடாது. எதிலும் பொய் எழுதக்கூடாது. எமிலியானுஸ் இருபது வருடங்களில் ஊன்றிக் கற்ற சட்டம் இது ஒன்றுதான். ஜெர்மனியில் அவருடைய அகதி வழக்கு தள்ளுபடியானதற்குக் காரணம், ஒரு தாளில் ஓகஸ்ட் ஒன்பது என்றும் இன்னொரு தாளில் ஓகஸ்ட் பத்து என்றும் இருந்ததுதான். அன்றிலிருந்து நூலக அட்டைக்கு விண்ணப்பித்தாலும் பழைய கடதாசிகளையெல்லாம் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டுதான் பேனாவைத் திறப்பார்.

2007 மார்ச்சில், மொன்றியல் நகர மையத்து ஹோட்டல் ஒன்றில் 'ரிவ் நோப்ள்' நதிப்பயண நிறுவனம் நடத்திய அறிமுகக் கூட்டத்திலும் அப்படித்தான் நடந்துகொண்டார். ஐரோப்பிய நதியில் எட்டு நாள் பயணம், பெற்றோரின் இருபத்தைந்தாவது திருமண நாளுக்கு மகள் அனுஷா எடுத்துக்கொடுத்த பரிசு. அவள் லொங்குயில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்தாள். எமிலியானுஸ் டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் சமையற்கூடத்தில் பத்தொன்பது வருடங்களாக நின்றுகொண்டிருந்தார். பயணம் என்பது தட்டு நிறையப் போய் வெறுமையாகத் திரும்பி வருவது என்பதே அவருக்குத் தெரிந்த அளவு.

பயணத்தை அனுஷா தெரிவு செய்ததற்கு ஒரு காரணம் இருந்தது. பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில், பெப்ரவரியிலிருந்து ஒரு ஜெர்மன் கடிதம் காந்தத்தில் தொங்கியது.

"அப்பா, இந்தக் கப்பல் வியாழக்கிழமை நிக்கிற ஊர்தானே உங்கட லெட்டர்ல இருக்கிறது? ஆல்ட்ஸ்டைன்?"

"ஓம்."

"அப்ப நீங்கள் போய் சைன் பண்ணலாம். ஸே பார்ஃபெ, நல்லாப் பொருந்துது!"

ஆல்ட்ஸ்டைன், மதில் சூழ்ந்த மத்தியகால ஊர். அதன் மயான நிர்வாகம் எழுதியிருந்தது: மகேந்திரராசா என்பவரின் கல்லறைக்கான இருபது வருடத் தவணை செப்டெம்பர் முப்பதுடன் முடிகிறது. பொறுப்பாளர் நேரில் வந்து கையெழுத்திட்டால் நீடிக்கலாம். வராவிட்டால் கல் அகற்றப்பட்டு நிலம் சமன் செய்யப்படும். நகரசபையின் கீழ்த்தளத்தில், செவ்வாய், வியாழன், காலை பத்து முதல் பன்னிரண்டு வரை. மகேந்திரராசாவுக்கு அங்கே யாரும் இல்லாதபடியால், 1987இல் பொறுப்பாளர் என்ற பெட்டியில் கையெழுத்து வைத்தவர் எமிலியானுஸ். வீடு மாறும்போதெல்லாம் புதிய முகவரியை அனுப்பிவைத்தவரும் அவரேதான்.

இனிப் படிவம். 'விருந்தினர் விபரம்' என்ற நான்கு பக்கத் தாளில் பதினெட்டாவது கேள்வி: "எமது பயணத் திட்டத்திலுள்ள ஊர் எதற்காவது முன்னர் வந்திருக்கிறீர்களா?" எமிலியானுஸ் 'ஆம்' என்பதில் புள்ளடி போட்டார். ஊர்: ஆல்ட்ஸ்டைன். வந்த மாதம்: 1986 ஒக்டோபர். வந்த கப்பல்: கப்பல் அல்ல, பொலிஸ் வாகனம். கரையில் தங்கிய காலம்: பதினான்கு மாதங்கள்.

பக்கத்துக் கதிரையில் இருந்த டாக்டர் மணிவாசகம் எட்டிப் பார்த்தார். சென்னைக்காரர், முப்பது வருடங்களாக மொன்றியலில் பொறியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர், நதிப்பயணம் இவருக்கு நான்காவது.

"என்ன சார், இதையெல்லாமா எழுதுவாங்க? 'நோ'ன்னு போட்டுட்டுப் போங்க."

"பேந்து கண்டுபிடிச்சால்?"

"யாரு சார் கண்டுபிடிக்கப் போறா?"

எமிலியானுஸுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. கண்டுபிடிப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிற உலகத்தில்தான் அவர் வாழ்ந்து வந்திருந்தார்.

மூன்று வாரங்களின் பின் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் பேசினாள். குரல் மகிழ்ச்சியில் நடுங்கியது. நிறுவனத்தின் கரையோர உலாக்கள் சராசரி நான்கு மணித்தியாலம் நீடிப்பவை. பதினான்கு மாதம் நீடித்த உலா கணினியில் இதுவரை பதிவானதில்லை. ஆகவே அவர் 'திரும்பி வரும் விருந்தினர், தங்கத் தரம்' என்று உயர்த்தப்பட்டிருக்கிறார். ஆல்ட்ஸ்டைன் நகரசபையில் நகரத் தலைவரே அவருடைய நெஞ்சில் சின்னம் குத்துவார்.

"எத்தனை மணிக்கு?" என்று எமிலியானுஸ் கேட்டார்.

"பதினொன்று முதல் பன்னிரண்டு வரை."

*

ஓகஸ்டில் கப்பல் ஏறினார்கள். ஏறிய கையோடு பாதுகாப்புக்கென்று கடவுச்சீட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பதிலுக்கு ஆளுக்கொரு அட்டை. எமிலியானுஸின் அட்டையில் 214 என்று இருந்தது, பெயர் இல்லை.

ஆல்ட்ஸ்டைனுக்கு முதல்நாள் மாலை, கரை அனுபவ இயக்குநர் டெலோர்ம் எல்லோரையும் கூட்டி உரையாற்றினார். வெள்ளை முடி, நீலக் கோட்டு, ஒலிவாங்கி.

"நண்பர்களே, நாளை நீங்கள் பதினான்காம் நூற்றாண்டில் இறங்குகிறீர்கள். அது ஒன்பதரைக்குத் தொடங்கி ஒன்றே முக்காலுக்கு முடியும். ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஒரு செம்மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டப்படும். அது இல்லாதவரை எங்களால் இனங்காண முடியாது. இனங்காண முடியாதவருக்கு மதிய உணவு கிடையாது. காதில் கேட்கும் கருவியைக் கழற்றவேண்டாம். பன்னிரண்டரை முதல் பன்னிரண்டு ஐம்பது வரை சுதந்திர நேரம். சுதந்திர நேரத்தில் எல்லோரும், வருடம் முழுதும் கிறிஸ்மஸ் சாமான் விற்கும் நத்தார் அலங்காரக் கடைக்குள் ஒன்றாக இருக்கவேண்டும். எங்கள் பயணங்களில் இதுவரை ஒருவரும் தொலைந்ததில்லை. தொலைவதற்கு நாங்கள் நேரம் ஒதுக்கவில்லை."

எல்லோரும் கைதட்டினார்கள்.

"ஓகஸ்ட்டில என்ன நத்தார்?" என்று மனைவி றெஜினா காதோடு கேட்டாள்.

"முந்தியும் அந்தக் கடை இருந்தது. எங்களை உள்ளுக்கு விடேல்லை."

வியாழன் காலை எமிலியானுஸ் வரவேற்பு மேசைக்குப் போய்த் தன் கடவுச்சீட்டைக் கேட்டார். அதற்கொரு படிவம் இருந்தது. காரணம் என்ற பெட்டியில் 'கல்லறை' என்று எழுதினார். அந்தப் பெண் தன் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். நோய், விமானம், வங்கி, திருமணம் என்று நான்கு காரணங்கள் இருந்தன. கல்லறை இல்லை.

"நோய் என்று போடலாமா?" என்று அவளே பரிவோடு கேட்டாள்.

"எனக்கு நோய் வருத்தம் ஒன்றும் இல்லை," என்றார் எமிலியானுஸ். பொய் எழுதக்கூடாது.

அப்படியென்றால் இயக்குநர் கையெழுத்திடவேண்டும். இயக்குநர் டெலோர்ம் இறங்குதுறையில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"மிஸ்யே எமிலியானுஸ்! இன்று உங்களுக்குக் கடவுச்சீட்டு எதற்கு? அந்த ஊரே உங்களை அறியும்," என்று சொல்லி அவருடைய நெஞ்சில் ஸ்டிக்கரை அழுத்தித் தடவிவிட்டார்.

*

வழிகாட்டி மத்தியகாலப் பாவாடை அணிந்திருந்தாள். கையில் 14 என்று எழுதிய பலகை. குழுவை அவள் முதலில் கொண்டுபோய் நிறுத்திய இடம் கிழக்கு வாசலுக்கு வெளியே, மதிலோடு ஒட்டிய ஒரு நீளமான கல் வீடு.

"இது அந்நியர் இல்லம்," என்று கருவி எமிலியானுஸின் காதுக்குள் சொன்னது. "மத்தியகாலத்தில் ஊருக்கு வரும் அந்நியர்களுக்கு மதிலுக்கு உள்ளே தூங்க அனுமதி இல்லை. அவர்கள் இங்கே வைக்கோலில் படுத்தார்கள். ஊர் எல்லையை விட்டுப் போவதற்கும் அனுமதித் தாள் வேண்டும். எவ்வளவு கொடூரமான காலம், யோசித்துப் பாருங்கள்!"

குழு யோசித்துப் பார்த்தபடி உள்ளே போனது. எமிலியானுஸ் இரண்டாவது யன்னலைப் பார்த்தார். அதன் கீழ் இருந்தது அவருடைய கட்டில். அடுத்தது மகேந்திரராசாவுடையது. மொத்தம் முப்பத்தெட்டு அகதிகள், இரண்டு அடுப்பு.

"உட்சுவரில் படிந்திருக்கும் கரியைக் கவனியுங்கள். பதினான்காம் நூற்றாண்டுச் சமையலின் புகை. வேதியியல் பரிசோதனை நடக்கிறது."

"அது மீன் பொரிச்ச புகை," என்றார் எமிலியானுஸ் தமிழில்.

"உஷ், கேக்கவிடுங்கோ," என்றாள் றெஜினா.

இதே வீட்டில்தான் 1987 செப்டெம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மகேந்திரராசாவுக்கு வயிற்றுவலி தொடங்கியது. ஊர் வைத்தியர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். ஆஸ்பத்திரி பதினொரு கிலோமீற்றர் தள்ளி, அடுத்த மாவட்டத்தில். அகதிகள் மாவட்டத்தை விட்டு வெளியே போக அனுமதித் தாள் வேண்டும். அனுமதி கொடுக்கும் கந்தோர் வெள்ளி மதியத்தோடு பூட்டி, திங்கள் காலை திறக்கும். திங்கள் காலை அனுமதி கிடைத்தது. மகேந்திரராசா ஞாயிற்றுக்கிழமை இறந்துபோயிருந்தான். அவசரத்துக்கு அனுமதி தேவையில்லை என்று அதே தாளின் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்ததை, சவ அடக்கம் முடிந்தபிறகு ஒரு உத்தியோகத்தர் மிகவும் மரியாதையாகக் காட்டினார்.

"கடைசியாக, எங்கள் ஊரின் பெரிய மர்மம்," என்று வழிகாட்டி ஒரு கண்ணாடிப் பலகையை நோக்கிப் போனாள். கண்ணாடிக்குப் பின்னால், சுவரில் ஆணியால் கீறிய எழுத்துகள் நான்கைந்து வரிசையில் இருந்தன. மேலே சின்ன விளக்கு, கீழே ஈரப்பதம் அளக்கும் கருவி. "கல்தச்சர் குறிகள் என்று சிலர் சொல்கிறார்கள். எந்த அறிஞராலும் இன்னும் வாசிக்க முடியவில்லை."

மணிவாசகம் மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு கிட்டப் போனார்.

"சார்! இது தமிழ் சார்! 'இன்றும் கடிதம் வரவில்லை.' அப்படியே இருக்கு! இங்கயும் அதேதான். 'இன்றும் கடிதம் வரவில்லை.' பதினாலாம் நூற்றாண்டுல நம்ம ஆளு இங்க வந்திருக்கான்!"

"வந்தவன்தான். எண்பத்தாறாம் ஆண்டு," என்றார் எமிலியானுஸ். "மகேந்திரராசா கீறினது. தபால்காரன் வந்திட்டுப் போன உடன கீறுவான். ஆணி என்ரை."

மணிவாசகம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு பெரிய நாகரிகத்துக்கும் ஒரு விமானச் சாப்பாட்டுத் தொழிலாளிக்கும் இடையில் தீர்ப்புச் சொல்லவேண்டிய கட்டாயம் அவருக்கு.

"நீங்க சொல்றது உங்க அபிப்பிராயம்," என்றார் கடைசியில். "கடிதம்னா வணிகக் கடிதம் சார். கப்பல் சரக்குக்கு வர்ற ஓலை. இதை நான் ஆராயணும்."

எமிலியானுஸ் வழிகாட்டியிடம், தனக்கு இன்னும் மறந்துவிடாத ஜெர்மனில், இது தன் நண்பனின் எழுத்து என்றும், அவன் கிழக்கு மயானத்தில் இருக்கிறான் என்றும் சொன்னார். அவள் பலகையை உயர்த்தினாள்.

"கேள்விகள் கடைசியில்," என்றது காதுக்குள் கருவி.

*

விழாவுக்குத் தங்கத் தரத்தாருக்கு மட்டுமே அனுமதி, மனைவிமார் வெளியே. அது ஒரு வகையில் வசதியாகப் போயிற்று. எமிலியானுஸ் கைவரைபடத்தையும் மொன்றியலிலிருந்து கொண்டுவந்த மெழுகுதிரியையும் றெஜினாவிடம் கொடுத்தார்.

"கிழக்கு வாசல் தாண்டி, இடக்கைப் பக்கம். மூண்டாவது வரிசை, கடைசி. நான் கையெழுத்து வைச்சிட்டு வாறன்."

"பிடிச்சால்?"

"ஸ்டிக்கரைக் கழட்டிப் போட்டுப் போம்."

மேலே மண்டபத்தில் இன்னும் ஆட்கள் சேரவில்லை. பதினொன்று ஐந்து. கீழ்த்தளத்தில் மயான நிர்வாகத்தின் கதவு திறந்தே இருந்தது. உள்ளே கோப்பியோடு ஒரு நடுவயதுப் பெண். எமிலியானுஸ் கடிதத்தை நீட்ட, அவள் முகம் மலர்ந்தது. மகேந்திரராசாவின் கோப்பு உடனே மேசைக்கு வந்தது.

"கனடாவிலிருந்தா? இதற்காகவா? எவ்வளவு நல்ல மனிதர் நீங்கள். கடவுச்சீட்டு?"

அவர் அட்டையை நீட்டினார்.

"இதில் 214 என்று இருக்கிறது."

"அது நான்தான்."

"இருக்கலாம். ஆனால் நீங்கள்தான் நீங்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?" குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

அதே நேரத்தில் மாடியில் ஒலிபெருக்கி அவருடைய பெயரை அழைத்தது. டெலோர்ம் படிகளில் இறங்கி வந்து கையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு போனார்.

நகரத் தலைவர் கழுத்தில் வெள்ளிச் சங்கிலி போட்டிருந்தார்.

"பெருமக்களே! எங்கள் மதிலைச் சிலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது யாரையும் வெளியே நிறுத்துவதற்குக் கட்டப்பட்டதல்ல. உள்ளே வருபவர்கள் தங்கள் மதிப்பை உணரவேண்டும் என்றே கட்டப்பட்டது. அந்நியர்களை வெளியே தங்கவைத்தோம், உண்மை. காற்று வெளியேதான் நல்லது. இந்தப் பாரம்பரியத்தை எண்பதுகளிலும் கைவிடாமல் காத்தோம். அதற்காக மாநில அரசு எங்களைப் பாராட்டியது. இறந்தவர்களையும் நாங்கள் மறப்பதில்லை. எங்கள் தேவாலயத்தில் அறுநூறு வருடமாக ஒரு பிரபுவின் கல் இருக்கிறது. அவர் என்ன செய்தார் என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு வசந்தத்திலும் கழுவுகிறோம். இதோ, பதினான்கு மாதம் எங்களோடு வாழ்ந்து, போக மனமின்றிப் போய், ஏங்கித் திரும்பி வந்திருக்கும் எங்கள் பழைய நண்பர்!"

சின்னம் குத்தப்பட்டது. பொன்னேட்டில் கையெழுத்திடச் சொன்னார்கள். தடித்த தோல் அட்டைப் புத்தகம். எந்தக் காலத்திலும் அகற்றப்படாதது என்று விளக்கினார்கள். எமிலியானுஸ் கையெழுத்திட்டார். அதற்கு யாரும் கடவுச்சீட்டுக் கேட்கவில்லை.

"ஐயா," என்றார் அவர் நகரத் தலைவரிடம், "ஒரு சின்ன உதவி. கீழே வந்து, நான்தான் நான் என்று அந்த அம்மாவிடம் சொல்லமுடியுமா?"

நகரத் தலைவர் அவருடைய தோளில் கைவைத்தார். "நண்பரே, எனக்கு உங்களை விருந்தினராகத் தெரியும். கீழ்த்தளம் வேறு பிரிவு. ஆனால் கவலைப்படாதீர்கள், இது எல்லாக் கதவையும் திறக்கும்." ஒரு சான்றிதழைக் கொடுத்தார். எமிலியானுஸின் முழுப்பெயர், பிறந்த திகதி, நகர முத்திரை, கையொப்பம்.

பதினொன்று ஐம்பத்தாறு. எமிலியானுஸ் ஐம்பத்தொரு வயதில் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினார்.

கீழே அந்தப் பெண் சான்றிதழை முன்னும் பின்னும் பார்த்தாள். முத்திரையை விரலால் தடவினாள். பேனாவைக்கூட எடுத்துவிட்டாள். அந்தக் கணத்தில் எமிலியானுஸுக்கு, இந்த ஊர் தன்னை ஏற்றுக்கொண்டதாகவே ஒரு எண்ணம் வந்தது. பிறகு அவள் வாசிப்பதை நிறுத்தினாள்.

"இதில் விருந்தினர் என்று இருக்கிறதே."

"ஓம். உங்கள் நகரத் தலைவர் தந்தது."

"அதுதான் சிக்கல். விருந்தினர் ஒருவர் கல்லறைக்குப் பொறுப்பாளராக முடியாது. விருந்தினர் போய்விடுவார் இல்லையா?" பேனாவை மூடினாள். "கடவுச்சீட்டோடு செவ்வாய்க்கிழமை வாருங்கள்."

"செவ்வாய்க்கிழமை நான் டோர்வலில் வேலைக்கு நிற்கவேண்டும்."

"நான் செப்டெம்பர் கடைசிவரை இருப்பேன்," என்று அவள் ஆறுதல் சொன்னாள்.

வெளியே மணி அடிக்கத் தொடங்கியது. ஆல்ட்ஸ்டைன் நகரசபைக் கோபுரத்து மணிக்கூடு உலகப் புகழ் பெற்றது. பகல் பன்னிரண்டுக்கு ஒரு கதவு திறந்து மரப் பொம்மைகள் வரிசையாக வரும்: சக்கரவர்த்தி, பேராயர், வணிகர்கள். கடைசியாக மூட்டையோடு ஒரு அந்நியன் வருவான். காவலன் தடியை உயர்த்த, அவன் திரும்பிப் போவான். சதுக்கத்தில் இருநூறு பேர் கமராவை உயர்த்தி நின்றார்கள். அந்நியன் திரும்பிய இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். பன்னிரண்டாவது அடியோடு கீழ்த்தளக் கதவும் பூட்டிக்கொண்டது.

கூட்டத்துக்குள் றெஜினா வந்து பக்கத்தில் நின்றாள். சப்பாத்தில் மண்.

"கண்டுபிடிச்சனீரே?"

"ஓம். திரி கொளுத்தினனான். காத்துக்கு நிண்டு எரிஞ்சது." சப்பாத்து மண்ணைத் தட்டினாள். "கல்லில ஸ்டிக்கர் ஒண்டு ஒட்டியிருக்கிறாங்கள். அதுவும் செம்மஞ்சள்தான். நிர்வாகத்தோட தொடர்பு கொள்ளட்டாம்."

எமிலியானுஸ் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். ஸ்டிக்கர் நன்றாக ஒட்டியிருந்தது. அதன் பக்கத்தில் தங்கச் சின்னம்.

"கையெழுத்து வைச்சாச்சே?" என்று றெஜினா கேட்டாள்.

"வைச்சனான். வேற புத்தகத்தில."

பன்னிரண்டரைக்குச் சுதந்திர நேரம் தொடங்கியது. எல்லோரும் நத்தார் கடைக்குள் போனார்கள்.

*

செப்டெம்பரில் விடுமுறை கேட்டார்; விமானங்கள் நிறைந்த மாதம் என்று மேலாளர் கையை விரித்தார். கடவுச்சீட்டுப் பிரதியையும் ஒரு சத்தியக் கடதாசியையும் தபாலில் அனுப்பினார். நேரில் வருமாறு அன்போடு பதில் வந்தது.

நவம்பரில் ஒரே நாளில் மூன்று கடிதங்கள் தபால்பெட்டிக்குள் கிடந்தன. முதலாவது, மயான நிர்வாகம்: பணி ஒழுங்காக நிறைவுற்றது, புல் விதைக்கப்பட்டுள்ளது. இரண்டாவது, ஒரு தமிழ்ச் சங்கத்தின் அழைப்பிதழ்: 'மைன் நதிக்கரையில் தமிழ் வணிகக் கல்வெட்டு', சிறப்புரை டாக்டர் மணிவாசகம், ஒளிப்படங்களுடன். மூன்றாவது, ரிவ் நோப்ள் நிறுவனத்தின் கருத்துக் கணிப்புப் படிவம்.

எமிலியானுஸ் சமையலறை மேசையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். பழைய கடதாசிகளை இந்தமுறை எடுக்கவில்லை. உணவு, நன்று. படுக்கை, நன்று. கேள்வி ஒன்பது: "இதற்கு முன் ஆல்ட்ஸ்டைன் ஊருக்கு வந்திருக்கிறீர்களா?"

"என்ன, பேனை எழுதேல்லையே?" என்று றெஜினா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"எழுதுது."

'இல்லை' என்ற பெட்டியில் புள்ளடி போட்டார். அதற்குக் கீழே, தங்கிய காலம் என்று ஒரு பெட்டி இருந்தது. அதை வெறுமையாக விட்டு உறையை ஒட்டினார்.